விருப்ப ஓய்வில் இருபத்து நான்கு ஆண்டுகள்

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த என் தம்பி மகன், சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறவன், திண்ணையில் உட்கார்ந்து கரும்பைக் கடித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டான். "பெரியப்பா, இன்னும் கொஞ்ச வருஷத்தில் எல்லா வேலையையும் எந்திரமே செய்துவிடும், மாதாமாதம் எல்லோர் கணக்கிலும் பணம் விழுந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மனுஷன் எதற்காகக் காலையில் எழுந்திருப்பான்?" அவன் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது இதைத்தான் பேசிக்கொள்கிறார்களாம். பாதிப் பேர் அது சொர்க்கம் என்கிறார்களாம். மீதிப் பேர் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்துவிடும் என்கிறார்களாம். நிலாவில் கட்டப்போகும் வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல அவன் பேசியது எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. அந்த வீட்டில் நான் இருபத்து நான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன்.

நான் 1974-ல் பொதுத்துறை வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தவன். எண்பதுகளில் கணிப்பொறி வங்கிக்குள் வரக்கூடாது என்று தொழிற்சங்கம் நடத்திய ஆர்ப்பாட்டங்களில் அட்டையைத் தூக்கிப் பிடித்து நின்றவர்களில் நானும் ஒருவன். டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு வங்கிகளை இயந்திரமயமாக்குவது குறித்து 1984-ல் அறிக்கை கொடுத்தது. 1983-லும் 1993-லும் தொழிற்சங்கங்களுக்கும் வங்கி நிர்வாகங்களின் சங்கத்துக்கும் இது குறித்து ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. கணிப்பொறி மேசை மேசையாக உள்ளே வந்தது. அதன் பின்விளைவாக 2000-ஆம் ஆண்டின் இறுதியில் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தன. பதினைந்து ஆண்டுப் பணியோ நாற்பது வயதோ முடிந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அறுபது நாள் சம்பளம், அல்லது மீதமிருக்கும் பணிக்காலத்துச் சம்பளம், இதில் எது குறைவோ அது கையில் கிடைக்கும். இந்தியா முழுவதும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் விலகினார்கள். எங்கள் கிளையில் ஏழு பேர். எனக்கு அப்போது வயது நாற்பத்தேழு. இருபத்தாறு ஆண்டுப் பணிக்கு ஐம்பத்திரண்டு மாதச் சம்பளமும், பணிக்கொடையும், வருங்கால வைப்பு நிதியும், மாத ஓய்வூதியமும் கிடைத்தன. சொந்த வீடு இருந்தது. அதாவது, எந்திரம் என் வேலையை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக என் வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்பத் தொடங்கியது. தம்பி மகன் கேட்ட கேள்வி எழுத்துக்கு எழுத்து இதுதான்.

எந்திரம் எடுத்துக்கொண்ட வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. சேமிப்புக் கணக்குகள் எல்லாம் தடித்த லெட்ஜர்களில் இருந்தன. ஒவ்வொரு கணக்கிலும் மாதத்தின் பத்தாம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே இருந்த மிகக் குறைந்த இருப்பைப் பார்த்து எழுதி, ஆறு மாதத்துக்கு அதைக் கூட்டி, வட்டி போட வேண்டும். ஆயிரக்கணக்கான கணக்குகள். அவற்றின் மொத்தம் பொதுப் பேரேட்டில் இருக்கும் தொகையோடு காசு பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அதற்கு எங்கள் மொழியில் 'டிஃபரன்ஸ்' என்று பெயர். அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் இரவு சாப்பாட்டை மறந்திருக்கிறோம்.

ஒரு செப்டம்பர் அரையாண்டுக் கணக்கு முடிப்பு நினைவிருக்கிறது. இருபத்தேழு ரூபாய் டிஃபரன்ஸ். மணி இரவு ஒன்பதரை. டிஃபரன்ஸ் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் எங்கேயோ அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்று பொருள். இது எழுத்தர்களின் பாலபாடம். இருபத்தேழை ஒன்பதால் வகுத்தால் மூன்று. ஆகவே இடம் மாறிய இலக்கங்களுக்கு இடையே வித்தியாசம் மூன்று இருக்க வேண்டும். நாலும் ஒன்றும், ஐந்தும் இரண்டும், ஆறும் மூன்றும் என்று தேடிக்கொண்டு ஐந்து பேர் ஐந்து லெட்ஜர்களைப் புரட்டினோம். எதிர்க்கடையிலிருந்து டீயும் மசால் வடையும் வந்தன. மேலாளர், "சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள், காலையில் பார்க்கலாம்" என்றார். (காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் கணக்கு அது.) ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பத்தே முக்காலுக்கு, எங்களில் வயதில் மிகச் சிறியவன், பேசவே கூச்சப்படுகிறவன், "1,841-ஐ 1,814 என்று எடுத்திருக்கிறது சார்" என்று எழுந்து நின்று கத்தினான். அன்றிரவு சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போனபோது என் மனத்தில் இருந்த நிறைவைப் பிற்பாடு பல லட்ச ரூபாய் வைப்புத்தொகை ரசீதுகளைக் கையில் வைத்திருந்தபோதுகூட நான் உணரவில்லை.

இப்போது யோசித்தால், அந்த வேலை எந்திரத்துக்கு ஒரு நொடி வேலை. எந்திரத்தில் டிஃபரன்ஸ் வரவே வராது. நாங்கள் செய்தது உயர்ந்த கலையும் இல்லை, மனிதனால் மட்டுமே முடிந்த காரியமும் இல்லை. "எந்திரத்தால் செய்ய முடியாத வேலையில்தான் மனிதனுக்கு அர்த்தம் இருக்கிறது" என்று இன்று பலர் எழுதுகிறார்கள். என் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. எந்திரம் மிக எளிதாகச் செய்துவிடக்கூடிய வேலையில்தான் எங்கள் நிறைவு இருந்தது. ஆகவே அது வேலையின் தன்மையில் இல்லாமல் வேறெதிலோ இருந்திருக்க வேண்டும்.

2001 மார்ச் 31 சனிக்கிழமை. ஆண்டுக் கணக்கு முடிப்பு நாள். அதுவே எனக்கு வங்கியில் கடைசி நாள். மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கொடுத்தார்கள். (இனிமேல் நேரம் பார்க்கத் தேவையில்லாதவனுக்கு ஏன் எல்லா அலுவலகங்களிலும் கடிகாரம் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) முதல் மூன்று மாதங்கள், உண்மையைச் சொல்ல வேண்டுமானால், மிக நன்றாக இருந்தன. காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்தேன். நீண்ட நாள் ஆசையென்று வயலின் வகுப்பில் சேர்ந்தேன். காசிக்குப் போய்வந்தோம். நான்காவது மாதம் வயலின் உறைக்குள் போயிற்று. ஆறாவது மாதத்தில் பால்காரர் கணக்கை நான் தணிக்கை செய்யத் தொடங்கினேன். கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று சுவரில் எழுதினேன். புளி டப்பாவும் மிளகாய் டப்பாவும் இருக்கும் வரிசை சரியில்லை என்று மனைவியிடம் சொன்னபோது அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உங்க ஆபீசை இங்கே தூக்கிட்டு வராதீங்க" என்றாள். காசுக்குக் குறைவில்லை. வைப்புத்தொகைக்கு நான் விலகியபோது ஒன்பது, பத்து என்றிருந்த வட்டி இரண்டு மூன்று ஆண்டுகளில் ஐந்து, ஆறுக்கு இறங்கியபோது கொஞ்சம் கலங்கினேன். ஆனால் அந்தக் கலக்கத்தையும் ஒருவகையில் வரவேற்றேன் என்று சொன்னால் நம்புவீர்களா? கவலைப்பட ஒரு காரியம் கிடைத்தது.

அந்தக் காலத்தில்தான் நூலகத்தில் மாரியந்தால் என்ற ஊரைப் பற்றிப் படித்தேன். ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குத் தென்கிழக்கே, ஒரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்த சிற்றூர். 1930-ல் ஆலை முழுவதுமாக மூடப்பட்டது. அங்கிருந்த 478 குடும்பங்களில் ஏறத்தாழ முக்கால்வாசிக் குடும்பங்களில் ஒருவருக்கும் வேலை இல்லை. மாரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூவர் இளம் ஆய்வாளர்கள் சிலரோடு அங்கே போய் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கவனித்து 1933-ல் நூலாக வெளியிட்டார்கள். ஊராரை வேடிக்கை பார்க்க மட்டும் ஒருவரும் போகக்கூடாது, ஒவ்வொருவரும் ஊருக்கு ஏதாவது ஒரு வகையில் உபயோகமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் தங்களுக்கு விதி வகுத்துக்கொண்டார்கள். துணி சேகரித்துக் கொடுத்தார்கள், மருத்துவம் பார்த்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். ஆய்வு முறைகளில் எனக்கு மிகவும் பிடித்த முறை இது.

அவர்கள் கண்டது பலரும் எதிர்பாராதது. வேலை போனவர்களுக்கு நேரம் நிறைய இருந்தது. ஊர் நூலகத்தில் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் இரவல் வாங்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை இரண்டாண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆண்கள் பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். ஆய்வாளர்கள் ஒரு சன்னலுக்குப் பின்னால் கடிகாரத்தோடு உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை முறை நிற்கிறார்கள் என்று எண்ணினார்கள். பெரும்பாலான ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள். அவர்களுக்கு வீட்டில் உலை காத்திருந்தது. காலையிலிருந்து என்னென்ன செய்தாய் என்று மணிவாரியாக எழுதித்தரச் சொன்னபோது ஓர் ஆண் சில வரிகள் எழுதிவிட்டு, 'இதற்குள் மதியம் ஆகிவிடுகிறது' என்று முடித்திருந்தார். அந்த வரியைப் படித்த இடத்திலேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கும் அப்படித்தான் மதியம் ஆகிக்கொண்டிருந்தது. லகரம், ளகரம் பிசகினால் எங்கள் தமிழய்யா பிரம்பை எடுப்பார். 'வேலை வேறு, வேளை வேறு' என்பார். ஐயாவிடம் இப்போது ஒரு சந்தேகம் கேட்கத் தோன்றுகிறது.

யஹோதா பிற்காலத்தில் இங்கிலாந்தில் பேராசிரியையாக இருந்தபோது இதை இன்னும் விரித்துச் சொன்னார். சம்பளம் வேலையின் வெளிப்படையான பயன். கண்ணுக்குத் தெரியாமல் அது வேறு சிலவற்றையும் தருகிறது: நாளைக்கு ஒரு சட்டகம், குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், தன்னைவிடப் பெரிய காரியத்தில் ஒரு பங்கு, ஊரில் ஓர் இடம், கட்டாயமாக ஏதாவது செய்தாக வேண்டிய நிலை. கடைசியில் உள்ளதை நான் அடிக்கோடிட்டுக்கொண்டேன். ஆனால் மாரியந்தாலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. அந்த ஊரில் பசி இருந்தது. உதவித்தொகையை எண்ணி எண்ணிச் சாப்பிட்டார்கள். அவர்களுடைய சோர்வில் எவ்வளவு வறுமையால், எவ்வளவு வேலையின்மையால் என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்? பசியில்லாத வேலையின்மைக்கு ஆளைத் தேடினால் எங்கள் தஞ்சைப் பக்கத்திலேயே கிடைப்பார்கள்.

என் தாத்தா ஒரு மிராசுதார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அந்தப் பெரிய வீட்டில் மூன்று தலைமுறையாக ஒருவரும் கையில் மண் படும்படி எந்த வேலையும் செய்ததில்லை. உழவும் நடவும் அறுப்பும் பண்ணையாட்களின் பாடு. இவர்களுக்கு வேலை என்பது விருப்பம் மட்டுமே. இன்று எந்திரம் தரப்போவதாகச் சொல்லப்படும் ஓய்வு இவர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே வாய்த்திருந்தது. அதை வைத்து என்ன செய்தார்கள்? சிலர் அருமையாகச் செய்தார்கள்; நாகசுரத்தையும் பாட்டையும் கேட்கத் தெரிந்த காதுகள் அந்தத் திண்ணைகளில் இருந்தன என்பதை மறுக்க முடியாது. பலர் சீட்டாடினார்கள். இன்னும் பலர் வழக்காடினார்கள். வரப்பில் நின்ற ஒரு தென்னை மரத்துக்காக முனிசீப் கோர்ட்டிலிருந்து சென்னை ஹைகோர்ட் வரை போன ஒரு வழக்கின் கட்டுகளைத் தாத்தா சுமந்திருக்கிறார். மரத்தின் விலையைப் போல நூறு மடங்கு வக்கீலுக்குப் போயிற்று. 'ஐயாவுக்குப் பொழுது போக வேண்டாமா?' என்பாராம் தாத்தா.

ஆனாலும் அவர்கள் மாரியந்தால் ஆண்களைப் போலத் தெருவில் தளர்ந்து நிற்கவில்லை. ஏன் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். அவர்கள் தெருவில் இறங்கினால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க ஆட்கள் இருந்தார்கள். தான் யார் என்பதை எதிரே குனிந்து நின்ற உடம்பிலிருந்து அன்றாடம் தெரிந்துகொண்டார்கள். 1952-ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து, பின்னால் நில உச்சவரம்பும் வந்து, துண்டு இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறியபோது, சொத்தில் பாதிக்குமேல் மிச்சமிருந்த பெரியவர்கள்கூட ஒடுங்கிப்போனதை என் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அந்த வகை அர்த்தம் ஒழிந்தது நல்லதுதான். எந்திரத்தை எத்தனை வாங்கி நிறுத்தினாலும் அது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்காது. ஆகவே மிராசுதாரின் வழி நமக்கு அடைபட்ட வழி.

வேலையைப் பற்றி இப்படி உருகுகிறேனே என்று யாராவது நினைத்தால், நானே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடுகிறேன். என் அம்மா ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து இட்லிக்கு மாவாட்டுவாள். ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் தள்ளிவிட்டு, ஒன்றரை மணி நேரம். தோள்பட்டை வலியோடுதான் அவள் செத்தாள். 1955-ல் கோவையில் பி. சபாபதி என்பவர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் வெட் கிரைண்டர் எங்கள் வீட்டுக்கு வந்துசேர எழுபதுகளின் கடைசி ஆயிற்று. 2011-க்குப் பிறகு அரசே மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாகக் கொடுத்தது. ஆட்டுக்கல்லை நினைத்து ஒரு பெண்ணும் அழுது நான் பார்த்ததில்லை. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்து 1993-லும், கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி மனிதனை இறக்கக் கூடாதென்று 2013-லும் சட்டம் போட்ட பிறகும் மனிதர்கள் இறங்குகிறார்கள், செத்துப்போகிறார்கள். அப்படிப் பதிவான சாவுகளில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. அந்த வேலையை எடுத்துக்கொள்ள எந்திரம் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது என்பதுதான் அங்கே கேள்வி. உழைப்பின் மேன்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து உழைத்தவர்கள். நானும் அப்படித்தான்.

திருபுவனத்தில் எனக்குத் தெரிந்த பட்டு நெசவாளர் ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தவர். தம்பி மகனின் கேள்வியை அவரிடம் கேட்டேன். "மாசம் பணம் வந்தா நாளைக்கே தறியைப் பிரிச்சு அடுப்புல வெச்சிருவேன் சார்" என்றார். பிறகு என்ன செய்வீர்கள் என்றேன். "தூங்குவேன்." அதற்குப் பிறகு? "முதல்ல தூங்கிக்கிறேன் சார், எழுந்திரிச்சு சொல்றேன்." பொருளியலறிஞர் கெய்ன்ஸ் 1930-ல், அதாவது மாரியந்தால் ஆலை மூடப்பட்ட அதே ஆண்டில், நூறாண்டுக்குப் பிறகு மனிதன் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வேலை செய்தால் போதும் என்று எழுதினார். அந்தக் கட்டுரையில், இனி என்றென்றைக்கும் ஒன்றுமே செய்யாமல் இருக்கப்போகிறேன் என்று தன் கல்லறையில் எழுதிவைக்கச் சொன்ன ஒரு வேலைக்காரக் கிழவியைப் பற்றிய பழைய வரிகளையும் சொல்கிறார். திருபுவனத்துக்காரரின் பதிலைக் கேட்டபோது அந்தக் கிழவியின் நினைவுதான் வந்தது. தூங்க வேண்டியவர்கள் முதலில் தூங்கட்டும். ஆனால் நான் தூங்கி எழுந்தவன். எழுந்தபின் என்ன நடந்தது என்பதை நான் சொல்லலாம்.

விலகி இரண்டாண்டு கழித்து, எதிர்வரிசை வீட்டுக்காரர் திடீரென்று இறந்துபோனார். அவருடைய வைப்புத்தொகைக்கு நியமனதாரர் பெயர் எழுதப்படவில்லை. அவர் மனைவி வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கும், வங்கியில் ஈட்டுறுதிப் பத்திரத்துக்குமாக மூன்று மாதம் அலைந்து, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு அந்தப் படிவங்கள் மனப்பாடம். ஒரு காலை நேரத்தில் எழுதி முடித்தேன். பணம் வந்தது. அவர் இன்னொருவரை அனுப்பினார். அவர் மற்றொருவரை. பத்திலிருந்து பன்னிரண்டு வரை திண்ணையில் உட்கார்ந்து படிவம் எழுதிக் கொடுப்பது வழக்கமாயிற்று. காசு வாங்குவதில்லை. இதைச் சேவை என்று சொல்லிக்கொள்ளவும் எனக்குக் கூச்சம். அப்போது அது எனக்கு ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான். மனம் இருந்தால் உட்காருவேன், இல்லாவிட்டால் உள்ளே படுத்துவிடுவேன்.

ஒருநாள் திருச்சியில் ஒரு கல்யாணம் என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டேன். மறுநாள் பத்து மணிக்குக் கதவைத் திறந்தால் பட்டீஸ்வரத்துக்கு அப்பாலிருந்து வருகிற ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். கணவர் ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து இறந்தவர். குடும்ப ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். முந்தின நாளும் வந்து ஒரு மணி வரை வெயிலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். "ஏந் தம்பி, ரெண்டு பஸ் மாறி வந்தேன். வரமாட்டேன்னா ஒரு பலகையில எழுதி மாட்ட வேணாமா? படிச்சவங்கதானே நீங்க?" என்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார். நான் வங்கியை விட்டு வந்த நாளிலிருந்து என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை. திட்டவேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எவருக்கும் எந்தக் கணக்கும் இடிக்கவில்லை. இருபத்தேழு ரூபாய்க்காக ஐந்து பேர் இரவு பதினோரு மணி வரை உட்கார்ந்தது ஏன் என்பது எனக்கு அன்றுதான் பிடிபட்டது. என் லெட்ஜரை நான் பார்த்து முடிக்காமல் மற்ற நால்வராலும் எழுந்திருக்க முடியாது. அவர்களுடையதை அவர்கள் முடிக்காமல் என்னாலும் முடியாது.

அன்று சாயங்காலமே ஒரு சிலேட்டு வாங்கிக் கேட்டில் மாட்டினேன். 'காலை 10 முதல் 12 வரை. ஞாயிறு விடுமுறை.' ஊருக்குப் போனால் முன்கூட்டியே எழுதிவைப்பேன். அதாவது விருப்பமாக இருந்ததை நானே கட்டாயமாக மாற்றிக்கொண்டேன். என்னோடு விலகிய மற்ற ஆறு பேரையும் யோசித்துப் பார்க்கிறேன். ஒருவர் பங்குச் சந்தையில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். ஒருவர் சொந்த நிலத்தில் விவசாயம் பார்த்தார்; மாடு கன்று போட்டால் நடுராத்திரியில் எழுந்தாக வேண்டும் என்று சலித்துக்கொள்வார், ஆனால் எங்களில் அவர்தான் இளமையாக இருந்தார். இரண்டு பேர் தொலைக்காட்சிக்கு முன்னால் முதுமையடைந்தார்கள். மற்றவர்கள் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் பொறுப்பில் தப்பித்துக்கொண்டார்கள். கையில் வந்த பணம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். யாரோ ஒருவரோ, ஒரு மாடோ, ஒரு பள்ளிக்கூட மணியோ காத்திருந்தவர்களுக்கும் எதுவும் காத்திராதவர்களுக்கும்தான் வித்தியாசம். தம்பி மகனுடைய நண்பர்கள் கேள்வியைக் கேட்கும்போது, ஓய்வு கிடைத்த மனிதன் 'என்ன செய்ய விரும்புவான்' என்று கேட்கிறார்கள். வயலினை விரும்பித்தான் நானும் வாங்கினேன். விருப்பம் நாலு மாதம் வந்தது.

அரசோ எந்திரமோ எல்லோருக்கும் மாதப் பணம் அனுப்பிவிடும் காலம் வந்தால், பணத்தோடு சேர்த்து இந்தக் காத்திருத்தலையும் அனுப்பிவைக்க முடியாது என்பதுதான் என் கவலை. இதுநாள்வரை அலுவலகமும் ஆலையும் வயலும் அதை இலவச இணைப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தன. அதை வேண்டுமென்றே யாரும் திட்டமிட்டுக் கொடுக்கவில்லை. ஆகவே அது போகும்போதும் யாரும் திட்டமிட்டு மாற்று வைக்கப்போவதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் வயதான பெண்களைப் பார்த்து 'சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்' என்று கேலி பேசுகிறவர்களுக்கு, காலையில் பேர் கூப்பிடும்போது ஒருத்தி வராவிட்டால் மற்றவர்கள் 'அவளுக்கு என்ன ஆச்சு' என்று கேட்கிற அந்த ஒரு நிமிடத்தின் விலை தெரியாது. கூலிக் கணக்கில் அது வராது.

என் திண்ணை வேலையையும் எந்திரம் விட்டுவைக்கவில்லை. 2014 நவம்பரில் டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழ் வந்தது. கட்டைவிரலை ஒரு சிறு கருவியில் வைத்தால் போதும், படிவம் வேண்டாம். நானும் ஒரு கருவி வாங்கினேன். பட்டீஸ்வரத்து அம்மாளின் விரலை அது ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தார். எண்ணெய் தடவி வைத்தார். இடதுகை விரலையும் வைத்தார். ஐம்பது ஆண்டு நாற்று நட்டுக் களை பறித்த விரலில் ரேகை தேய்ந்திருந்தது. உயிரோடு எதிரில் உட்கார்ந்திருப்பவரை இல்லை என்று சொல்லியது கருவி. பழையபடி படிவம் எழுதி வங்கிக்கு அழைத்துப்போனேன். 2021-ல் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வந்தபோது அதற்கும் தீர்வு கிடைத்தது. தம்பி மகன்தான் என் கைபேசியில் அந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்தான். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார், அரை நிமிடத்தில் முடிந்தது. முந்தைய ஆண்டுகளில் ஒரு முழுக் காலை பிடித்த வேலை. அவரை இரண்டு பஸ் மாறி வரவைத்த அந்த வேலை ஒழிந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

போன நவம்பரில் அவர் வரவில்லை. பேரன் கைபேசியிலேயே முடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். டிசம்பர் முதல் வாரத்தில், பத்து மணிக்குக் கதவைத் திறக்கும்போது, இன்னொரு பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணின் கணவர் இறந்து ஒரு மாதம் ஆகிறது. வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "உங்க வேலைதான் போன மாசமே வீட்டில் முடிஞ்சிருக்குமே?" என்றேன். "அது அரை நிமிஷத்துல முடிஞ்சுது தம்பி. இவளுக்கு உன் வீடு தெரியாது, அதான் கூட்டியாந்தேன். வியாழக்கிழமை இன்னொருத்தி இருக்கா" என்றார். பிறகு அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, எந்தெந்தத் தாளைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று தானே ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் அடுக்கத் தொடங்கினார். வாரிசுச் சான்றிதழின் நகல் ஒன்றுதான் இருந்தது. இரண்டு வேண்டும் என்று நான் சொல்வதற்குள் அவரே சொன்னார்.